அப்ரூவல் சொல்வதும் மண் சொல்வதும்: செட்டிநாட்டில் வீட்டுமனையை எடைபோடுவது எப்படி?

காரைக்குடி 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. கோட்டையூர், கண்டனூர் போன்ற பேரூராட்சிகளும் அதன் எல்லைக்குள் வந்தன. எல்லை விரிந்ததும் மனை விளம்பரங்களும் விரிந்தன. புதுவயல் பக்கம் போனாலும் தேவகோட்டை பக்கம் போனாலும் வண்ணக் கொடி கட்டிய கல் வரிசைகள் கண்ணில் படுகின்றன. எல்லாப் பலகையிலும் அநேகமாக ஒரே வாசகம்தான்: டி.டி.சி.பி. அப்ரூவல், ரெரா பதிவு, வங்கிக் கடன் வசதி. டி.டி.சி.பி. என்பது நகர் ஊரமைப்பு இயக்ககம்; ரெரா என்பது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்.

வாங்குகிறவரும் "அப்ரூவல் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, இருக்கிறது என்றால் முன்பணம் கொடுத்துவிடுகிறார். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நிலத்தைப் பற்றி மூன்று கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன.

1. நிலம் யாருடையது? இதற்கு வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் வைத்திருக்கும் ஆவணங்கள் பதில் சொல்லும்.
2. அங்கே என்ன கட்டலாம்? இது நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளாட்சியும் சொல்ல வேண்டிய பதில்.
3. கட்டினால் மண் தாங்குமா? இதற்குப் பதில் சொல்ல எந்த அலுவலகமும் இல்லை.

மனைப்பிரிவு அங்கீகாரம் என்பது இரண்டாவது கேள்விக்கான பதில் மட்டுமே. சாலை அகலம், மனை அளவு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் ஆகியவை விதிப்படி இருக்கின்றன என்று அது சொல்கிறது. உங்கள் மனைக்கு அடியில் இருப்பது சரளையா, கரம்பையா, மூடிய கிணறா என்று அது சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை.

நீர் போன வழி

செட்டிநாட்டைப் பொறுத்தவரை சட்டச் சிக்கலும் மண் சிக்கலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. அது பழைய நீர்வழி.

வற்றாத ஆறு இங்கே கிடையாது. மணிமுத்தாறும் பாம்பாறும் மழை பெய்தால்தான் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் சித்திரையில் தண்ணீர். அதனால் இந்த வட்டாரம் முழுவதும் கண்மாய்ச் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மிகை நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். ஊருக்குள் குடிநீருக்கு ஊருணி; அதற்கு நீர் கொண்டுவரத் தனி வரத்துக்கால். பழைய நகரத்தார் ஊர்களில் முற்றத்தில் விழுந்த மழைநீர்கூட வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊருணியைச் சேரும்படி மட்டம் பார்த்திருந்தார்கள்.

இந்த வரத்துக்கால் ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கும். அகலம் சில மீட்டர்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு மணல் தடம். சீமைக்கருவேலம் மண்டிய பள்ளம். மனை போடுகிறவர் கண்ணுக்குச் சாலைக்கு ஏற்ற இடம். நில அளவைத் துறையின் புலப்படத்தில் (சர்வே எண்வாரியான அளவு வரைபடத்தில்) மட்டும் அது ஓடைப் புறம்போக்காக, தனிச் சர்வே எண்ணோடு இருக்கும்.

நீர்நிலைப் புறம்போக்கை யாரும் பட்டா வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்.கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. 2007இல் ஏரி, கண்மாய் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றத்துக்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. இருபது ஆண்டுகளாக வீட்டு வரி கட்டிய ரசீது, மின் இணைப்பு எதுவும் அங்கே உரிமையாகாது.

கணக்காகப் பார்ப்போம். 60 சென்ட் புஞ்சை ஒன்று. ஏறக்குறைய 2,428 சதுர மீட்டர். அதன் ஒரு பக்கம் 50 மீட்டர் நீளத்துக்கு வரத்துக்கால் ஒட்டிப் போகிறது. வரத்துக்கால் பட்டாவில் சேராது, ஆகவே 60 சென்ட்டும் முழுதாக நம்முடையதுதான் என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். ஆனால், நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் வரும் கட்டடங்களுக்குக் கட்டட விதிகளில் கூடுதல் நிபந்தனைகள் இருக்கின்றன. 50 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்றால் 750 சதுர மீட்டர், பதினெட்டரை சென்ட். விலை பேசும்போது இந்தப் பதினெட்டரை சென்ட்டையும் மீதி நிலத்தையும் ஒரே விலைக்கு வாங்குகிறோமா என்பதுதான் கேள்வி.

பதிவேடுகளை எந்த வரிசையில் பார்ப்பது?

பட்டாவும் வில்லங்கச் சான்றும் போதும் என்பது பரவலான நம்பிக்கை. செட்டிநாட்டில் அது போதாது. இந்த வட்டாரத்தின் ஒரு பகுதி சிவகங்கை ஜமீனில் இருந்தது. இன்னொரு பகுதி 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தில். பக்கத்துப் பக்கத்து ஊர்களானாலும் நில வரலாறு வேறு, பழைய கணக்குகளும் வேறு. ஜமீன் பகுதிகள் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே, நிலம் வைத்திருப்பவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி முறைக்கு வந்தன. பிறகு 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யூ.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் புரியும். அதில் விழுந்த பிழைகளால் நடக்கும் வழக்குகள் இன்னும் ஓயவில்லை.

1. "அ" பதிவேடு: நிலம் அரசுக் கணக்கில் எந்த வகை என்பதை இது காட்டும். நஞ்சை, புஞ்சை, தீர்வை ஏற்பட்ட தரிசு, நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு என்று வகை தெளிவாக இருக்கும். இன்றைய பதிவேட்டில் பட்டா நிலம் என்று இருந்தாலும், யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டில் என்ன இருந்தது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் மாறினால், மாறியதற்கான உத்தரவு எங்கே என்று கேளுங்கள்.
2. புலப்படம்: பக்கத்துச் சர்வே எண்களின் புலப்படங்களையும் சேர்த்து வாங்கி ஒட்டிப் பாருங்கள். ஒரு படத்தில் முடியும் ஓடை அடுத்த படத்தில் தொடராமல் நின்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.
3. நகர நில அளவைப் பதிவேடு: காரைக்குடி போன்ற நகரப் பகுதிகளில் பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் வரும். தாய்ப்பத்திரத்தில் பழைய எண், இன்றைய பத்திரத்தில் புதிய எண். இரண்டும் ஒரே இடம்தானா என்பதைச் சர்வேயர் அளந்துதான் சொல்ல முடியும்.
4. கோயில் நிலமா: ஊருக்கு ஊர் கோயில், ஒவ்வொன்றுக்கும் மானியம், கட்டளை. போதாததற்கு விடுதிகளும் அறக்கட்டளைகளும். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, முன் அனுமதி இல்லாமல் நடந்த கோயில் நில விற்பனை செல்லாது. எத்தனை கை மாறியது என்பது அங்கே பொருட்டே இல்லை.

வில்லங்கச் சான்றைக் கடைசியில் சொல்லக் காரணம் உண்டு. பதிவான பரிமாற்றங்களை மட்டுமே அது காட்டும். பதிவாகாத பாகப்பிரிவினை, உயில், நிலுவை வழக்கு ஆகியவை அதில் பெரும்பாலும் தெரியாது.

திட்டமிடல் விதிகள்: மூன்று குழப்பங்கள்

தமிழ்நாட்டில் நில உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் மூலச் சட்டம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். கட்டட அளவு, பக்க இடைவெளி, சாலை அகலம் முதலியவற்றை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. முழுமைத் திட்டம் உள்ள பகுதி என்றால் உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலம் என்றால் 2017இல் வந்த நில உபயோக மாற்ற விதிகள் பொருந்தும். வேளாண்மைத் துறையின் கருத்து தேவை. நஞ்சையென்றால் மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும்.

*முதல் குழப்பம்: பத்திரம் பதிந்துவிட்டால் கட்டலாம்.* 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாட்டில் 2016 அக்டோபர் 20 என்ற தேதி எல்லைக்கோடாக நிற்கிறது. அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனையை மறுபடியும் விற்கலாம், பத்திரமும் பதியலாம். ஆனால் அந்த மனை 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி வரன்முறை செய்யப்படாவிட்டால் கட்டட அனுமதி கிடைக்காது. பத்திரம் கையில், வீடு கனவில் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

*இரண்டாவது: பஞ்சாயத்து அப்ரூவல்.* அப்படியொரு தனி அங்கீகாரம் மனைப்பிரிவுக்குக் கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் போட்ட முத்திரைக்கு மதிப்பு இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட அது வழியை எளிதாக்கியிருக்கிறது. மனை அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற தேவையை நீக்கவில்லை.

*மூன்றாவது: யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் செட்டிநாட்டில் எதையும் இடிக்கவோ கட்டவோ முடியாது.* செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது உண்மை. அந்தப் பட்டியல் மட்டும் யாருடைய கட்டட அனுமதியையும் தடுக்காது. தடுப்பது வேறு: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். திருமயம் கோட்டையைச் சுற்றி மனை பார்க்கிறவர்கள் அளவு நாடாவோடு போவது நல்லது. தூரம் கோட்டை மதிலிலிருந்து தொடங்குவதில்லை, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து தொடங்குகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாக்கி விற்றால் ரெரா பதிவு வேண்டும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளி ஒதுக்கீடு வரும். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று தேவை. தலைக்கு மேல் 11 கிலோவோல்ட் மின்கம்பி போனால் கட்டடத்துக்கும் அதற்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேண்டும். 33 கிலோவோல்ட் என்றால் 2 மீட்டர்.

மண்ணைப் படிப்பது

செட்டிநாடு என்றதும் செம்மண்தான் நினைவுக்கு வரும். செம்மண் நல்ல மண், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. மேட்டு நிலத்துச் செம்மண்ணும் சரளையும் சாதாரண மாடி வீட்டை எளிதாகத் தாங்கும். ஆனால் செம்மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மட்டுமல்ல, வயலுக்கு வயல் மாறுகிறது.

1. செம்புறாங்கல்: மேலே கடப்பாரைக்கு மசியாத கடினம், கீழே சில இடங்களில் வெண்மையும் மஞ்சளும் கலந்த மெத்தென்ற களி. கடின அடுக்கின் கனம் சீராக இருக்காது. வானம் (அடித்தளக் குழி) பறிக்கும்போது ஒரு மூலையில் கல் தட்டியதும் போதும் என்று நிறுத்திவிட்டு, எதிர் மூலையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது ஆபத்து.
2. கரம்பையும் களியும்: கண்மாய் உள்வாயிலும் பழைய வயல்களிலும் இருப்பவை. ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கட்டடத்தின் எடையைத் தாங்காமல் போவதைவிட, கட்டடத்தைத் தூக்கிப் போடுவதுதான் இந்த மண்ணின் குணம். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அதன் கையெழுத்து.
3. மூடிய குழிகள்: செம்மண்ணுக்கும் கிராவலுக்கும் தோண்டிய குழிகள், கல் வெட்டிய பள்ளங்கள். பிறகு குப்பையும் இடிபாடும் கொட்டி நிரப்பி, மேலே இரண்டடி கிராவல் பரப்பினால் பார்வைக்கு அருமையான மேட்டு மனை.
4. பாறை: திருமயம் பக்கம் இது அதிகம். அடித்தளத்துக்குப் பாறையைவிட நல்லது இல்லை. ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அதே பாறை செலவு வைக்கும்.

மேலே பரப்பிய கிராவல் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், கண்ணால் பார்ப்பதை நம்பக் கூடாது. ஜே.சி.பி. வைத்து மூன்று இடங்களில் ஐந்தாறு அடிக்குக் குழி எடுங்கள்: மனையின் மிகத் தாழ்ந்த மூலை ஒன்று, உயர்ந்த மூலை ஒன்று, வீடு வரப்போகும் நடு இடம் ஒன்று. குழியின் சுவரைப் பாருங்கள். இயற்கை மண் என்றால் நிறம் மெல்ல மாறும். கொட்டிய மண் என்றால் கத்தியால் வெட்டியதுபோல அடுக்கு தெரியும். இடையில் ஓட்டுச் சில்லும் பாலிதீனும் எட்டிப்பார்க்கும்.

களி என்று சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. நன்றாக உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் இரண்டு அளவுக் குடுவைகளில் போடுகிறார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் விடுகிறார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லியாக நிற்கும் மண் தண்ணீரில் 16 மில்லியாக நின்றால் உப்பல் 60 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே அடித்தளத்தின் வடிவமைப்பை மாற்றி யோசிக்க வேண்டும். ஆழமான கரிசல் களியில் ஈரம் ஏறி இறங்குவது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வரை இருக்கும் என்பது பொறியியல் கணக்கு. அதற்குக் கீழே போய் நிற்கும் குமிழ் அடித் தூண்கள் ஒரு தீர்வு. களியைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை நிரப்பி இறுக்குவது இன்னொன்று. களி ஆழமில்லாத இடத்தில்தான் அது கட்டுபடியாகும்.

மூன்று மாடி, நான்கு மாடி என்றால் குழி போதாது, துளையிட்டுச் சோதிக்க வேண்டும். 63.5 கிலோ சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும், துளைக்குள் விட்ட குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். அறிக்கையில் எண் ஒரே துளையில் திடீரென்று குறைந்தால், அந்த இடத்துக்கு விளக்கம் கேளுங்கள். செம்புறாங்கல்லுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற அடுக்கு அப்படித்தான் பிடிபடும்.

நிலநடுக்கத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இந்த வட்டாரம் மிகக் குறைந்த அபாய மண்டலத்தில் இருக்கிறது. கரையானைப் பற்றிக் கவலைப்படலாம். வானம் பறித்த நிலையிலேயே மருந்தடிப்பு நடந்துவிட வேண்டும், தேக்குக் கதவு மாட்டிய பிறகு அல்ல.

கழிவுநீரைப் பற்றி ஒரு கணக்கு. உறிஞ்சு குழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 30க்கு 40 அடி மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம் 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம். எந்த மூலையில் வைத்தாலும் கணக்கு உதைக்கிறது. பக்கத்து மனையின் உறிஞ்சு குழி எங்கே வருகிறது என்பது அதைவிட மோசமான கேள்வி. பாதாளச் சாக்கடை வராத மனைப்பிரிவில், பொதுக் குடிநீர் இணைப்பு உறுதியா என்று கேட்பதைவிட அவசியமான கேள்வி அதிகம் இல்லை.

வீடு இடித்த மனை

செட்டிநாட்டுக்கே உரிய மனை வகை இது. ஒரு தெருவில் வாசல், பின்தெருவில் கொல்லை என்று நீண்ட பெரிய வீடு. பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்துவிட, பராமரிக்க முடியாமல் விற்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. பிறகு மண் தள்ளி மட்டமாக்கி மனை என்று விற்கிறார்கள். ஊருக்கு நடுவில் இருப்பதால் விலை அதிகம். நத்தம் என்பதால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் அதிகம்.

உரிமையில் சிக்கல்: நான்கு தலைமுறைக்கு முன்பு ஒருவர் கட்டிய வீட்டுக்கு இன்று எத்தனை பங்கு என்பது குடும்பத்துக்கே தெரியாமல் இருக்கலாம். கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் தந்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்பனை நடந்தால், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே முதல் சோதனை. கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். பெண் மக்களின் கையெழுத்து இல்லாத பாகப்பிரிவினையை வழக்கறிஞரிடம் காட்டாமல் ஏற்காதீர்கள். தமிழ்நாட்டில் 1989இலேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. 2005இல் அது நாடு முழுவதற்கும் ஆயிற்று.

மண்ணில் சிக்கல் இதைவிடச் சுவையானது. பழைய வீட்டின் சுவர்கள் போய்விட்டன. அவற்றின் கடைக்கால் போகவில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அகலமான அடித்தளம் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். புதிய வீட்டின் ஒரு தூண் அதன் மேல் உட்கார்ந்து, அடுத்த தூண் முற்றம் இருந்த இடத்தில் கொட்டிய இடிபாட்டின் மேல் உட்கார்ந்தால், ஒன்று அசையாது, மற்றது இறங்கும். நடுவில் உள்ள சுவர்தான் பாவம். கொல்லையில் கிணறு இருந்திருக்கும். உடைந்த ஓட்டையும் செங்கல்லையும் அதில் தள்ளி மேலே மண் போட்டிருப்பார்கள். ஒரு பெரிய மழைக்குப் பிறகு வட்டமாக மண் இறங்கினால், அங்கேதான் கிணறு.

தெருவில் வயதானவர்களிடம் கேட்டால் கிணறு எங்கே, வடிகால் எப்படிப் போயிற்று என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். அதைத் தாளில் குறித்துக்கொண்டு, அதற்கேற்பக் குழி எடுக்க வேண்டும். இடிபாட்டை இயற்கை மண் வரை வாரி எடுத்து, ஒரு அடிக்குக் குறைவான அடுக்குகளாகச் சரளை போட்டு நீர் தெளித்து இறுக்குவது சரியான முறை. கிணற்றின் மேல் தூண் வரக் கூடாது. அதைத் தூர்வாரி மழைநீர் சேமிப்புக்கு விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான ஓர் ஏற்பாடு பாதிச் செலவில் முடிந்துவிடும்.

எதற்கு முதலில் செலவழிப்பது?

1. செலவில்லாதது முதலில்: "அ" பதிவேடு, புலப்படம், பட்டா ஆகியவற்றை அரசின் இணையச் சேவையில் பாருங்கள். இதிலேயே பாதி மனைகள் கழிந்துவிடும்.
2. கால் நடை: மனையை மட்டும் பார்க்காமல், மேட்டுப்பக்கம் எந்தக் கண்மாய், பள்ளத்துப்பக்கம் எந்த ஊருணி என்று நடந்து பாருங்கள். கோரைப்புல் வளர்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரக்கோடு எவ்வளவு உயரம், அங்கே போர் போட்டவர் எத்தனை அடியில் என்ன மண் கண்டார் என்று கேளுங்கள்.
3. பிறகு வழக்கறிஞர், சர்வேயர். குழி எடுப்பதும் மண் சோதனையும் அதற்குப் பின்.
4. ஒப்பந்தம் போடும்போது "மண் சோதனையிலோ அளவையிலோ குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வேண்டும்" என்ற வாசகத்தைச் சேர்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பல தரகர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். மனை விற்பனை சூடுபிடிப்பது தையிலிருந்து ஆனி வரை, எல்லாப் பள்ளமும் காய்ந்து கிடக்கும் மாதங்களில். வாங்குகிறவருக்கு அவசரம் இல்லையென்றால், கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்க்கலாம்.